கடைசித் தேதி ஜனவரியில் இல்லை

வாசகர் கேள்வி: டெல்டாவின் கடைமடைப் பகுதியில் கிணற்று நீர் உப்பாவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. அடுத்த ஏப்ரல், மே வாக்கில் வியன்னாவில் நடக்கும் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் (இ.ஜி.யூ.) மாநாட்டுக்குப் போஸ்டர் (ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டி, முன்னால் நின்று விளக்குவது) அனுப்பச் சொல்கிறார் நெறியாளர். 38 கிணறுகளில் ஜனவரியிலும் ஜூனிலும் மாதிரி எடுத்தாயிற்று. வரும் ஜனவரியில் இன்னொரு சுற்று பாக்கி. நீர் எங்கிருந்து வந்தது என்று அறிய உதவும் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவீட்டு முடிவுகள் இன்னும் வரவில்லை. இந்த நிலையில் விண்ணப்பிக்கலாமா? "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று முடித்தால் போதுமா? போஸ்டர் என்றால் உரையைவிட மட்டம் என்று துறையில் சிலர் சொல்கிறார்களே? செலவுக்கு என்ன வழி? கடைசித் தேதி ஜனவரி நடுவில் என்பதால் பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து முடிக்கலாம் என்றிருக்கிறேன். எழுதி வைத்த ஆய்வுச்சுருக்கத்தை இணைத்துள்ளேன்.
— ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம். ஜனவரி நடுவில் வருவது ஆய்வுச்சுருக்கத்துக்கான பொதுக் கெடு. பணம் தேவைப்படுகிறவருக்கு உண்மையான கெடு அதற்கு ஆறு வாரம் முன்பே, டிசம்பர் 1-ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. இ.ஜி.யூ. தரும் ரோலன்ட் ஷ்லிஷ் பயண உதவிக்குத் தனி விண்ணப்பம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆய்வுச்சுருக்கத்தைச் சமர்ப்பிக்கும்போதே, அதே படிவத்தின் வழியாக உதவியும் கேட்க வேண்டும். சுருக்கம் டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே போகாவிட்டால், எவ்வளவு நல்ல ஆய்வாக இருந்தாலும் அந்த உதவி கிடையாது. 2025 மாநாட்டுக்குப் பயண உதவிக் கெடு 2024 டிசம்பர் 2, பொதுக் கெடு 2025 ஜனவரி 15. ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நாள் நகரும், முறை இதுதான். நம் மாணவர்கள் பலர் ஜனவரி தேதியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

முடிவு முழுமையாகவில்லை என்பது தடையே இல்லை. பாதி முடிந்த ஆய்வுக்குப் போஸ்டரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உரை என்றால் கேள்வியும் சேர்த்துப் பத்து நிமிடம். அடுத்தவர் மேடையில் ஏறிவிடுவார். போஸ்டருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் உங்கள் பலகை முன் நிற்கிறீர்கள். உங்கள் தரவில் ஓட்டை எங்கே என்று காட்டக்கூடியவர் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போவார். ஆய்வேடு எழுதி முடித்தபின் தேர்வாளர் காட்டுவதைவிட, எழுதும் முன்பே இன்னொருவர் காட்டுவது நல்லது. இ.ஜி.யூ.வில் போஸ்டர்கள்தாம் பெரும்பான்மை. பேராசிரியர்களும் போஸ்டர் முன் நிற்கிறார்கள். மட்டம் என்ற பேச்சு, சான்றிதழுக்காக மட்டும் மாநாடு நடத்தும் இடங்களில் பிறந்தது.

அதற்காக, "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தை முதலில் அடியுங்கள். அமர்வை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் படிப்பதெல்லாம் சுருக்கத்தைத்தான். இவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை, அல்லது இருப்பதைச் சொல்லப் பயப்படுகிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலான சுருக்கங்கள் ஏற்கப்படும் மாநாடுதான் இது. ஆனால் பயண உதவிக்கு வரிசை போடும்போது சுருக்கத்தின் தரமே பேசும்.

நீங்கள் அனுப்பிய வரைவைப் பார்ப்போம். தலைப்பு, "ஒரு கடலோரப் பகுதியின் நிலத்தடி நீர்த் தர மதிப்பீடு" என்ற வகை. முதல் நான்கு வாக்கியங்கள் நீர் ஓர் அரிய வளம், மக்கள்தொகை பெருகுகிறது, நீர் மாசடைகிறது என்று போகின்றன. இந்த அமர்வுக்கு வருகிற எவருக்கும் இது தெரிந்த சேதி. ஐந்தாவது வாக்கியத்தில் 38 கிணறுகள் வருகின்றன. அடுத்து எந்தெந்த அயனி அளந்தீர்கள் என்ற நீண்ட பட்டியல், பைப்பர் வரைபடம் (அயனிகளின் விகிதத்தை வைத்து நீரை வகைப்படுத்தும் படம்), நீர்த் தரக் குறியீடு, கடைசியில் அந்த "விவாதிக்கப்படும்". முந்நூறு சொல்லில் ஒரு முடிவுகூட இல்லை.

ஆனால் கடிதத்தோடு இணைத்த அட்டவணையில் ஒரு சங்கதி இருக்கிறது. 38 கிணறுகளில் 14-இல் குளோரைடு லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் (ஐ.எஸ். 10500) வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு அது; வழக்கமான வரம்பு 250. அந்த 14-இல் 9 கிணறுகள் கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில், இறால் குட்டைகளை ஒட்டி இருக்கின்றன. கடலுக்குப் பக்கத்தில் உள்ள சில கிணறுகளோ ஓரளவு நன்னீர். உங்கள் ஆய்வுக்கு உயிர் இங்கேதான். "நீர்த் தர மதிப்பீடு" என்ற பெயரில் அதைப் புதைத்துவிட்டீர்கள்.

தலைப்பை இப்படி யோசியுங்கள்: "கடலிலிருந்து விலகிய கிணறுகளில் உப்பு: கடல்நீர் ஊடுருவலா, இறால் குட்டைக் கசிவா?" விடை கிடைத்துவிட்ட ஆய்வுக்குக் கேள்வித் தலைப்பு வைப்பது சோம்பேறித்தனம். உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே கேள்வியே நேர்மை.

உள்ளே பத்துப் பன்னிரண்டு வாக்கியம் போதும். இ.ஜி.யூ. பரிந்துரைப்பது 100 முதல் 500 சொல். 300-ஐ ஒட்டி நிறுத்துங்கள். முதல் இரண்டு வாக்கியத்தில் இடமும் சிக்கலும் வந்துவிட வேண்டும். "இந்தியப் பருவமழை" என்று மொட்டையாக எழுதினால் ஐரோப்பியர் ஜூன் முதல் செப்டம்பர் என்றே நினைப்பார். டெல்டாவுக்கு மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை என்று ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், ஜனவரி மாதிரி ஏன் மழைக்குப் பிந்தையது, ஜூன் மாதிரி ஏன் கோடையின் கடைசி என்பதே அவருக்கு விளங்காது. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் முன் ஜூன் மாதிரியை எடுத்தீர்களா, பின்பா என்பதையும் குறிப்பிடுங்கள். வாய்க்கால் பாசனம் தொடங்கினால் ஆழம் குறைந்த கிணறுகளில் உப்பு நீர்த்துப்போகும். தேதி சொல்லாத தரவை யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் இதுவரை தெரியாதது என்ன. அடுத்த இரண்டில் முறை: எத்தனை கிணறு, அதில் வெட்டுக்கிணறு எத்தனை, ஆழ்துளை எத்தனை, ஆழம், எந்தெந்த மாதம், அயனிச் சமநிலைப் பிழை (நேர், எதிர் மின்னூட்ட அயனிகளின் கூட்டுத்தொகைகள் ஒத்துப்போகாத அளவு) 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா. அளந்த அயனிகள் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம். முடிவுக்கு உதவியவை போதும். பிறகு மூன்று நான்கு வாக்கியம் எண்ணோடு கூடிய முடிவு. "அதிகமாகக் காணப்பட்டது" என்று எழுதும் இடத்திலெல்லாம் எவ்வளவு, எதைவிட என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில், இந்தத் தரவால் எதைச் சொல்ல முடியாது என்று ஒரு வாக்கியம், நடந்துகொண்டிருக்கும் அளவீடு என்ன என்று ஒரு வாக்கியம். "வரும் ஜனவரிச் சுற்றும் ஐசோடோப் அளவீடும் போஸ்டரில் சேர்க்கப்படும்" என்று எழுதலாம். முடிவுகளைச் சொன்ன பிறகு வருவதால் அது சாக்கு ஆகாது. சுருக்கத்தில் இல்லாத புதிய தரவைப் போஸ்டரில் காட்டுவதும் எல்லோரும் செய்வதுதான்.

இப்போது அறிவியலில் ஓர் எச்சரிக்கை. பலகை முன் நிற்கும்போது முதல் கேள்வி இங்கேதான் விழும். உங்கள் வரைவில் "குளோரைடு–புரோமைடு விகிதம் கடல்நீரை ஒத்திருப்பதால் கடல்நீர் ஊடுருவல் உறுதியாகிறது" என்று ஒரு வரி. அது உறுதியாகாது. கடல்நீரில் நிறை அளவில் அந்த விகிதம் ஏறத்தாழ 290. இறால் குட்டையில் நிற்பதும் கழிமுகத்திலிருந்து இறைத்த கடல்நீர்தான். வெயிலில் ஆவியாகிச் செறிந்தாலும், உப்பு படிகமாகிப் பிரியும் நிலை வரும்வரை அந்த விகிதம் மாறாது. ஆக, கடலிலிருந்து நிலத்தடியாக வந்த உப்பும் குட்டையிலிருந்து கசிந்த உப்பும் ஒரே விகிதத்தைக் காட்டும். உரத்தாலோ சாக்கடையாலோ வந்த உப்பு இல்லை என்று தள்ள அந்த விகிதம் உதவும். உங்கள் கேள்விக்கு விடை தராது.

ஐசோடோப் வந்தால் தீர்ந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். ஒரு சதவீதம் கலந்தாலே 190 ஏறும். உங்கள் கிணறு 1000-ஐத் தொட ஐந்து சதவீதம் கடல்நீர் போதும். உள்ளூர் நிலத்தடி நீரின் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பின் அளவு மைனஸ் 5 பெர் மில் (கடல்நீரோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் ஐந்து பங்கு குறைவு) என்று வைத்துக்கொண்டால், சுழியத்தை ஒட்டிய கடல்நீர் ஐந்து சதவீதம் கலப்பதால் வரும் மாற்றம் கால் பெர் மில். அளவீட்டுப் பிழையே 0.1 வரை போகும்போது, அதை வைத்துக்கொண்டு கடலா குட்டையா என்று பிரிப்பது கஷ்டம். குளோரைடு பல ஆயிரமாக இருக்கும் கிணறுகளில் மட்டும் ஐசோடோப் தெளிவாகப் பேசும். இந்தக் கணக்கை ஒரு சின்னப் பெட்டியாகப் போஸ்டரிலேயே போட்டுவிடுங்கள். கேட்பவர் கேட்கும் முன்பே பதில் அங்கே இருக்கும்.

விடைக்கு அருகில் கொண்டுபோகும் மலிவான வழி ஒன்று உண்டு. ஜனவரிச் சுற்றில், சில நாள் இறைக்காமல் விட்ட கிணறுகளில் மின்கடத்துத்திறன் உணரியை (உப்பு கூடினால் இந்த அளவும் கூடும்) கயிற்றில் இறக்கி அரை மீட்டருக்கு ஒரு தடவை அளவு எடுங்கள். மேலே உப்பும் கீழே அதைவிடக் குறைவாகவும் இருந்தால் கசிவு மேலிருந்து வருகிறது. கீழே போகப் போக உப்பு ஏறினால் அது ஊடுருவலாக இருக்கலாம், மண்ணடியில் தங்கிய பழைய கடல்நீராகவும் இருக்கலாம். வெட்டுக்கிணற்றில் நீர் தானே கலந்துவிடும் என்பதால் அங்கே இந்த அளவைப் பெரிதாக நம்பக் கூடாது. கூடவே நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். கிணற்று நீர்மட்டம் ஆண்டு முழுவதும் கடல்மட்டத்துக்கு மேலேயே நின்றால், உப்பு கடலிலிருந்துதான் வருகிறது என்று வாதிடுவது சிரமம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் 2004 ஆழிப்பேரலையின்போதும் உங்கள் கிணறுகளில் எவற்றுக்குள் கடல்நீர் புகுந்தது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு மாற்று விளக்கம்.

அமர்வைத் தேர்ந்தெடுப்பதில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். நீரியல் பிரிவில் எச்.எஸ்.8 என்ற வரிசை நிலத்தடிக்கானது. அதற்குள்ளேயே கடலோர நீர்த்தாங்கிகள், நீர்த் தரம், மாசு என்று பல அமர்வுகள் வரும். அமர்வின் பெயரை மட்டும் பார்க்காமல் விளக்கப் பத்தியையும், முந்தைய ஆண்டு அதே அமர்வில் வந்த சுருக்கங்களையும் படியுங்கள். எல்லாம் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. உங்கள் ஆய்வேட்டில் யாருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறீர்களோ அவர்கள் வரும் அமர்வே உங்கள் அமர்வு. படிவத்தில் விருப்ப வடிவம் கேட்கும் இடத்தில் போஸ்டர் என்று குறியுங்கள். "பிக்கோ" என்று அறிவிக்கப்பட்ட அமர்வுகளில் முதலில் இரண்டு நிமிடம் மேடையில் பேசி, பிறகு தொடுதிரை முன் நிற்க வேண்டும். காகிதப் போஸ்டர் அங்கே கிடையாது.

படிவத்தைத் திறக்கும் முன் தயாராக வேண்டியவை சில. முதல் ஆசிரியர் வரும் ஆண்டுக்கான இ.ஜி.யூ. உறுப்பினராக இருக்க வேண்டும். ஒருவர் முதல் ஆசிரியராகப் பொதுவாக ஒரு சுருக்கம்தான் அனுப்பலாம். ஆகவே அந்த ஒன்றை வீணாக்காதீர்கள். சமர்ப்பிக்கும்போது ஒரு கட்டணம் உண்டு. சுருக்கம் ஏற்கப்படாவிட்டாலும் அது திரும்பாது, மாநாட்டுப் பதிவுக் கட்டணத்திலும் கழியாது. பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து யூரோவில் கட்ட அனுமதி வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிட்ட ஒரு அட்டையை முன்பே ஏற்பாடு செய்து வையுங்கள். கெடு நாளன்று அட்டை மறுக்கப்பட்டு நின்றுபோன விண்ணப்பங்கள் ஏராளம். மாணவர் போஸ்டர் போட்டிக்கான பெட்டியையும் குறியுங்கள். நடுவர்கள் பலகைக்கே வந்து கேட்பார்கள். வெல்வதைவிட அந்தக் கருத்துரை பெரிது.

இணை ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் சுருக்கத்தின் இறுதி வடிவத்தைக் காட்டி மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். நெறியாளர் "அனுப்பிடும்மா" என்று வாயால் சொன்னது போதாது. சுருக்கம் நிரந்தர எண்ணோடு, திறந்த உரிமத்தில் வெளியாகும்; பிறகு பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும்பாடு. அரசுத் துறையிடம் வாங்கிய கிணற்றுத் தரவு இருந்தால் வெளியிட எழுத்தில் அனுமதி வேண்டும். தனியார் பண்ணையைக் குற்றம் சாட்டும் வகையில் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையைப் போடாதீர்கள். கிணறு எண் போதும். பின்னாளில் ஆய்வேட்டைத் திருட்டுச் சோதனை மென்பொருளில் இடும்போது உங்கள் சுருக்கமே "பொருந்துகிறது" என்று காட்டும். வெளியான சுருக்கத்தின் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் விளக்குவது எளிது.

நமக்கே உரிய தலைவலி, பெயர். படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு முன்னெழுத்தும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம், தந்தை பெயர் அங்கே இருக்கலாம். ஒரு இடத்தில் முன்னெழுத்தைக் குடும்பப்பெயராக்கி, இன்னொரு இடத்தில் தந்தை பெயரை விரித்தெழுதி, விமானச் சீட்டில் மூன்றாவது வடிவம் வந்தால், விசா விண்ணப்பத்தில் அழைப்புக் கடிதத்தின் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகாது. பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே ஆய்வுச்சுருக்கம், ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் அடையாள எண், பதிவு, சீட்டு எல்லாவற்றிலும் எழுதுங்கள்.

பணத்துக்கு வருவோம். ரோலன்ட் ஷ்லிஷ் உதவி கிடைத்தால் பதிவுக் கட்டணம் விலக்கு, சுருக்கக் கட்டணம் திரும்ப வரும், பயணச் செலவுக்கும் ஒரு தொகை. முழுச் செலவும் அதில் அடங்காது. இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் சர்வதேசப் பயண உதவி, முன்பு எஸ்.இ.ஆர்.பி. (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) நடத்திவந்த திட்டம். சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகை பெறுபவர் என்றால் அங்கும் தனி வழி உண்டு. எல்லா இடத்திலும் ஏற்புக் கடிதம் கேட்பார்கள். அது கைக்கு வந்தபின் மாநாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதமே இருக்கும். அந்த இரண்டு மாதத்துக்குள் உதவி விண்ணப்பம், விசா, சீட்டு மூன்றும் நடந்தாக வேண்டும். ஆகவே துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் அலுவலகக் கடிதம், மறுப்பின்மைச் சான்று இவற்றின் வரைவுகளை டிசம்பரிலேயே தட்டச்சு செய்து வைத்து, ஏற்புக் கடிதம் வந்த அன்றே கோப்பை மேசைக்கு அனுப்புங்கள். கோப்பு ஒரு மேசையில் ஒரு வாரம் தூங்கும் என்று கணக்கிட்டே திட்டமிடுங்கள்.

ஆஸ்திரியாவுக்கு ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். நேர்காணல் இடம் கிடைப்பதுதான் சிக்கல். மார்ச்சில் கோடை விடுமுறைக்காரர்களோடு போட்டி. பணம் எங்கிருந்து வரும் என்பது முடிவாகாவிட்டாலும் நேர்காணல் தேதியைப் பிடித்துவிடுங்கள்.

சுருக்கம் ஏற்கப்பட்டபின் போஸ்டர். இ.ஜி.யூ. பலகை 197 சென்டிமீட்டர் அகலம், 100 உயரம், படுக்கைவாட்டு. நம் ஊர் மாநாடுகளுக்குப் பழகியவர்கள் நிற்கும் வாட்டில் ஏ0 அடித்துக்கொண்டு போய், பத்தொன்பது சென்டிமீட்டர் கீழே தொங்கவிட்டு நிற்பதைப் பார்க்கலாம். 118.9-க்கு 84.1 சென்டிமீட்டர், படுக்கைவாட்டு ஏ0 வசதியாக உட்காரும். பவர்பாயின்டில் செய்வதாக இருந்தால் எழுதத் தொடங்கும் முன்பே பக்க அளவை அமையுங்கள்; கடைசியில் மாற்றினால் எல்லாம் இழுபட்டுப்போகும். படங்களைச் சுருக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

சொற்கள் 400-ஐத் தாண்ட வேண்டாம். தலைப்பு 85 புள்ளிக்கு மேல், உடல் எழுத்து 28-க்குக் குறையாமல். எழுத்தின் அளவைச் சோதிக்க ஒரு சுலப வழி: முழுப் போஸ்டரையும் ஏ4 தாளில் அச்சிடுங்கள். ஏ0-வுக்கும் ஏ4-க்கும் நீள அகலம் நான்கில் ஒன்று, 28 புள்ளி 7 ஆகிவிடும். கை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிகிறதென்றால் பலகையிலும் படிக்கலாம். 2019-இல் மைக் மாரிசன் என்ற ஆய்வு மாணவர் பரப்பிய வடிவமைப்பில் நடுவில் ஒரே ஒரு கண்டுபிடிப்பு மிகப் பெரிய எழுத்தில் இருக்கும். முழுவதுமாக அதைப் பின்பற்றினால் உங்கள் துறைக்காரருக்குத் தரவு பார்க்க இடமில்லாமல் போகிறது என்பது என் கருத்து. ஆனால் "14 உப்புக் கிணறுகளில் 9 குட்டையருகே" என்ற வரி மூன்று மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரைபடம்: கடற்கரைக் கோடு, குட்டைகள், கிணறுகள். பைப்பர் வரைபடம் ஓரத்துக்குப் போகட்டும்.

உப்பைக் காட்ட வானவில் நிறவரிசை வேண்டாம். மஞ்சள் பட்டை இல்லாத எல்லையை இருப்பதாகக் காட்டும், சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு ஒன்றும் தெரியாது. விரிடிஸ் போல வெளிர்மை சீராக மாறும் வரிசையைப் போடுங்கள். மூலையில் இந்திய வரைபடம் வைக்கிறீர்கள் என்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எல்லைக் கோப்பை அப்படியே எடுக்காமல் இந்திய நில அளவைத் துறையின் எல்லையைப் பயன்படுத்துங்கள். காஷ்மீர் எல்லை பிழையாக வந்தால் சங்கடம் திரும்பி வந்த பிறகு உங்கள் துறையில்தான்.

அச்சுக்குப் பிளெக்ஸ் கடைக்குத்தான் போவீர்கள். ஏ0 என்பது சரியாக ஒரு சதுர மீட்டர், ஏறத்தாழ பத்தேமுக்கால் சதுர அடி. அந்தக் கணக்கில் விலை கேளுங்கள். பிளெக்ஸில் அடிக்க வேண்டாம்: கனம், சுருட்டினால் விறைத்துக்கொள்ளும், விளக்கொளியில் பளபளக்கும். மங்கலான பூச்சுள்ள தாள் அல்லது துணி. துணியென்றால் மடித்து கைப்பையில் வைக்கலாம், குழாயோடு விமான நிலையத்தில் வாதாட வேண்டியதில்லை. கடையில் கோரல்டிராவில் திறப்பார்கள். எழுத்துரு அவர்களிடம் இல்லாவிட்டால் மைக்ரோ குறியும் டெல்டா குறியும் கட்டமாகிவிடும். எழுத்துகளை உருவமாக மாற்றிய பி.டி.எஃப். கொடுங்கள், கூடவே 150 டி.பி.ஐ. படக்கோப்பும் (7022-க்கு 4967 புள்ளிகள்) கையில் வைத்திருங்கள். கியூ.ஆர். குறி வைத்தால் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல், நேரே சுருக்கத்தின் நிரந்தர முகவரிக்கு. இலவசச் சேவையில் செய்த சில குறிகள் சில வாரத்தில் காலாவதியாகிவிடும். அச்சானபின் போனில் ஒருமுறை சோதியுங்கள்.

மாநாடு என்ற பெயரில் அஞ்சல் பெட்டிக்கு வரும் மற்ற அழைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிலவியலும் நர்சிங்கும் மேலாண்மையும் ஒரே கூரையின்கீழ், இரண்டு நாளில் ஏற்பு, எல்லோருக்கும் சிறந்த ஆய்வாளர் விருது என்று வந்தால் நீக்கிவிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு மாநாட்டுக் கட்டுரை கட்டாயம் என்ற யு.ஜி.சி. விதி 2022 ஒழுங்குமுறையோடு போய்விட்டது. உங்கள் பல்கலைக்கழகம் சொந்தமாக வைத்திருந்தால் அதை மட்டும் பாருங்கள்.

பணம் கடைசிவரை வராவிட்டால்? இ.ஜி.யூ.வில் இணையவழிப் போஸ்டர் அமர்வுகளும் நடக்கின்றன. பதிவு செய்தவர் வீட்டிலிருந்தே காட்டலாம். ஆசிய–ஓசியானியப் புவி அறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நமக்குப் பக்கம், அங்கேயும் நீரியல் பிரிவு உண்டு. எப்படியானாலும் போக முடியாது என்று தெரிந்த அன்றே ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். சொல்லாமல் காலியாக விடப்பட்ட பலகையின் மேல் உங்கள் பெயரும் தலைப்பும் நாள் முழுதும் ஒட்டியிருக்கும், நீங்கள் சந்திக்க நினைத்தவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள்.